போனிலேயே ஜி.பி.எஸ். இருக்கும்போது விமானத்துக்குத் தரையில் ரேடியோ நிலையம் எதற்கு?

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். விமானத்தின் ஜன்னல் வழியாக அவர் இரண்டு பொருள்களைப் பார்த்திருக்கிறார். ஒன்று, வட்டமான உலோக மேடையும் அதன்மேல் வளையமாக நின்ற சின்னச் சின்ன ஆன்டெனாக்களும். இன்னொன்று, ஓடுபாதை முடியும் இடத்துக்கு அப்பால் ஆரஞ்சும் வெள்ளையுமாக வரிசைகட்டி நின்ற ஆன்டெனாக்கள். இவை என்ன, எப்படி வேலை செய்கின்றன என்பது முதல் கேள்வி. ஜி.பி.எஸ். வந்த பிறகும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது. ஓசூரில் விமான நிலையம் வந்தால் இதற்கெல்லாம் தனியாக நிலம் எடுப்பார்களா என்று கடைசியில் அவருடைய சித்தப்பாவின் கேள்வி ஒன்றும் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், வட்ட மேடை வி.ஓ.ஆர். என்னும் திசைகாட்டும் நிலையம். ஓடுபாதை முடிவில் இருப்பது ஐ.எல்.எஸ். என்னும் இறங்குவழிக் கருவியின் ஒரு பாதி. இரண்டும் இன்னும் தேவைதான். காரணம் பழக்கமோ சோம்பலோ கிடையாது. தான் சொல்வது சரிதானா என்று ஒவ்வொரு நொடியும் தன்னையே சோதித்துக்கொண்டு, தப்பு என்று தெரிந்தவுடன் வாயை மூடிக்கொள்ளும்படி கட்டப்பட்ட கருவிகள் இவை. இந்தத் துறையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், அந்த ஒரு குணத்தைப் புரியவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வி.ஓ.ஆர். இது 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் வேலை செய்கிறது. நாம் தருமபுரி வானொலி கேட்கும் எஃப்.எம். பட்டை 108-இல் முடிகிறதே, அதற்கு அடுத்த வாசல் இதுதான். அதனால்தான் பட்டையின் மேல்முனையில் ஒலிபரப்பும் எஃப்.எம். நிலையங்களுக்கு அலைவரிசை ஒதுக்கும்போது விமானத் துறையையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

நிலையத்தைச் சுற்றி எந்தத் திசையில் விமானம் இருக்கிறது என்பதை விமானத்துக்கே தெரியப்படுத்துவதுதான் இதன் வேலை. அதற்கு நொடிக்கு 30 முறை துடிக்கும் இரண்டு சிக்னல்களை ஒரே அலையில் ஏற்றி அனுப்புகிறது. திருவிழாவில் இரண்டு பம்பைக்காரர்கள் ஒரே வேகத்தில் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளின் அடி எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே நேரத்தில் கேட்கும். இரண்டாவது ஆள் சுழன்றுகொண்டே அடிப்பதால், நீங்கள் நிற்கும் பக்கத்தைப் பொறுத்து அவர் அடி முன்பின்னாகக் கேட்கும். காந்த வடக்கில் நின்றால் இரண்டு அடியும் ஒன்றாக விழும். கிழக்கே போனால் இரண்டாவது அடி கால் சுற்று பிந்தும், தெற்கே அரைச் சுற்று, மேற்கே முக்கால் சுற்று. விமானத்திலுள்ள கருவி இந்தப் பிந்தலை அளந்து, ‘நீ இந்தப் பாகையில் இருக்கிறாய்’ என்று முள்ளில் காட்டிவிடுகிறது. நிலையத்திலிருந்து புறப்படும் இந்த 360 கோடுகளைத்தான் ரேடியல் என்கிறோம்.

நம் ஊரை வைத்தே கணக்குப் போடலாம். தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் ஓசூர் சுமார் 28 கடல் மைல். கிருஷ்ணகிரி சுமார் 50 கடல் மைல், ஏறக்குறைய 145-ஆம் ரேடியலில். தருமபுரி சுமார் 69 கடல் மைல், 158-ஐ ஒட்டி. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆக, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு மேலே பறக்கும் விமானி அந்த நிலையத்தை ட்யூன் செய்தால் முள் 145 பக்கத்தில் நிற்க வேண்டும். 60 கடல் மைல் தூரத்தில் 1 பாகை பிசகினால் இடம் 1 கடல் மைல் பிசகும். தருமபுரிக்கு மேலே என்றால் 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். வி.ஓ.ஆரில் ஓரிரு பாகை பிசகு சகஜம். நிலையத்தை நெருங்க நெருங்க பிசகும் குறைந்துகொண்டே வரும் என்பது இதில் உள்ள நல்ல விஷயம்.

நீங்கள் பார்த்த வளையம் இதன் மேம்பட்ட வகை, டாப்ளர் வி.ஓ.ஆர். நடுவில் ஓர் ஆன்டெனா, சுற்றிலும் சுமார் 13 மீட்டர் விட்டத்தில் பெரும்பாலும் 48 ஆன்டெனாக்கள். எதுவும் சுழலாது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் மாறி மாறிப் போவதால், ஒரே ஆன்டெனா நொடிக்கு 30 முறை அந்த வளையத்தைச் சுற்றி ஓடுவதுபோல விமானத்துக்குத் தோன்றும். உங்களை நோக்கி வரும்போது அலைவெண் கொஞ்சம் ஏறும், விலகும்போது இறங்கும். வளையத்தின் விட்டத்தையும் 30 சுற்றையும் வைத்து வேகத்தைப் பெருக்கி, சுமார் 2.65 மீட்டர் அலைநீளத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 480 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் வரும். பாடப்புத்தகத்தில் இருக்கும் டாப்ளர் சூத்திரம் அப்படியே ஒரு கட்டடமாக நிற்கிறது, தம்பி. எனக்கு இன்றைக்கும் இது வியப்புதான். பழைய வகையைவிட இது நல்லது என்பதற்கு, அக்கம்பக்கத்து மலை, கட்டடம், தகரக் கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலைகளால் இதில் திசை அதிகம் கெடாது என்பதுதான் காரணம். நம் பக்கம் போல மலை சூழ்ந்த நிலத்துக்கு அது பெரிய உதவி.

ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துப் பெயர் உண்டு. பெங்களூருக்கு பி-ஐ-ஏ, சென்னைக்கு எம்-எம்-வி. அந்தப் பெயரை மோர்ஸ் குறியீட்டில் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டே இருக்கும். பெங்களூரு என்றால் டா-டி-டி-டி, டி-டி, டி-டா. விமானி அலைவரிசையைத் திருப்பிய கையோடு இந்தப் பெயரைக் கேட்டோ திரையில் பார்த்தோ உறுதி செய்ய வேண்டும். பெயர் வராவிட்டால் முள் எவ்வளவு அழகாக நின்றாலும் நம்பக் கூடாது. பழுதுபார்க்கும் நேரத்தில் நாங்கள் முதலில் நிறுத்துவது இந்தப் பெயரைத்தான். சிக்னல் வந்தாலும் பெயர் இல்லை என்றால், ‘இது பயன்பாட்டுக்கு இல்லை’ என்று அர்த்தம்.

வி.ஓ.ஆர். திசையை மட்டும்தான் சொல்லும். தூரத்துக்கு அதன் கூடவே டி.எம்.இ. வைத்திருப்பார்கள். இதில் பேச்சை ஆரம்பிப்பது விமானம். இரட்டை இரட்டையாகத் துடிப்புகளை அனுப்பும். தரை நிலையம் அதைக் கேட்டு, சரியாக 50 மைக்ரோ நொடி பொறுத்து, 63 மெகாஹெர்ட்ஸ் தள்ளிய வேறொரு அலைவரிசையில் பதில் துடிப்பு அனுப்பும். போய்வர ஒரு கடல் மைலுக்கு 12.36 மைக்ரோ நொடி. தருமபுரிக்கு மேலே இருக்கும் விமானம் தேவனஹள்ளியைக் கேட்டால், 69 மைலுக்கு 853, அதோடு அந்த 50 சேர்த்து சுமார் 903 மைக்ரோ நொடியில் பதில் வந்துவிடும். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. சுமார் நூறு விமானங்கள் ஒரே நேரத்தில் கேட்டாலும் சமாளிக்கும். தன் பதில் எது என்று விமானம் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொன்றும் தன் துடிப்புகளை ஒழுங்கில்லாத இடைவெளியில் அனுப்புகிறது. எந்தப் பதில்கள் தன் இடைவெளியோடு மட்டும் ஒத்துப்போகின்றனவோ அவற்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. இவ்வளவு எளிமையான, இவ்வளவு உறுதியான யோசனை எங்கள் துறையில் வேறு இல்லை என்பேன்.

டி.எம்.இ. காட்டுவது சாய்வுத் தூரம். நிலையத்துக்கு நேர் மேலே 36,000 அடியில் போகும் விமானத்துக்குத் தூரம் சுழி என்று காட்டாது, சுமார் 6 கடல் மைல் என்றுதான் காட்டும். தூரத்தில் இருக்கும்போது இந்த வித்தியாசம் பொருட்டில்லை.

என்.டி.பி. என்று இன்னொரு பழைய வகைத் திசைகாட்டும் நிலையம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மத்திய அலை ரேடியோ போன்ற அலைவரிசை. விமானத்தின் முள் நேராக நிலையத்தைப் பார்த்துத் திரும்பும், அவ்வளவுதான். இரவில் மத்திய அலையில் எங்கோ தூர தேசத்து நிலையம் கேட்பதுபோல இதிலும் இரவில் அலைகள் வானில் பட்டுத் திரும்பி முள்ளைக் குழப்பும். இடிமேகம் இருந்தால் முள் நிலையத்தை விட்டு மேகத்தைக் காட்டும். மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அது சரிதான்.

இந்தக் கருவிகளுக்கெல்லாம் ஒரு பொதுவான எல்லை உண்டு. வி.ஓ.ஆர்., டி.எம்.இ. அலைகள் நேர்கோட்டில் போகும், மலைக்குப் பின்னால் வளையாது. பூமியின் வளைவும் மறைக்கும். விமானத்தின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் எவ்வளவு கடல் மைல் வரை கேட்கும் என்று தோராயமாக வரும். 10,000 அடியில் 123 மைல், 1,000 அடியில் 39 மைல்தான். சேலம் விமானம் இறங்கும் காமலாபுரம், தேவனஹள்ளியிலிருந்து சுமார் 88 கடல் மைல். சமதளக் கணக்கில் பார்த்தாலே, விமானம் 5,000 அடிக்குக் கீழே வந்தவுடன் பெங்களூரு நிலையம் கைவிட்டுவிடும். நிலம் சமதளமும் இல்லை. வடக்கே தொப்பூர்க் கணவாய் மலைகள், கிழக்கே 1,600 மீட்டரைத் தாண்டும் சேர்வராயன் மலை. இறங்கும் விமானத்துக்கு உதவி தேவைப்படுவதே அந்தக் கடைசி 5,000 அடியில்தான். ‘பக்கத்து ஊரில் ஒன்று இருக்கிறதே, அது போதாதா’ என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

இனி ஐ.எல்.எஸ். மேலே சொன்னவை ஊருக்கு வழிகாட்டும். இது வீட்டு வாசலுக்கு வழிகாட்டும். இரண்டு பகுதிகள். ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால், பொதுவாக 300 மீட்டர் வாக்கில், குறுக்காக நிற்கும் வரிசை லோக்கலைசர். இது இடம் வலம் சொல்லும். இறங்கும் முனையிலிருந்து உள்ளே சுமார் 300 மீட்டரில், ஓடுபாதையின் பக்கவாட்டில் தனியாக நிற்கும் உயரமான கம்பம் கிளைட் ஸ்லோப். இது மேல் கீழ் சொல்லும்.

இரண்டுமே 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகளை அலையில் ஏற்றுகின்றன. இறங்க வரும் விமானத்துக்கு இடப்பக்கம் 90 ஓங்கியிருக்கும், வலப்பக்கம் 150 ஓங்கியிருக்கும், நடுக்கோட்டில் இரண்டும் சமம். அதேபோல மேலே 90, கீழே 150, சரியான சரிவில் சமம். அந்தச் சரிவு பெரும்பாலும் 3 பாகை. ஒரு கடல் மைலுக்கு 300 அடிக்குக் கொஞ்சம் மேல் இறங்க வேண்டும் என்று கணக்கு. விமானத்தின் கருவி செய்வது, இரண்டு ஒலிகளில் எது பலம் என்று பார்ப்பது ஒன்றுதான். முள் நடுவில் நின்றால் நீங்கள் ஓடுபாதையை நோக்கிச் சரியாக இறங்குகிறீர்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் சரி.

கிளைட் ஸ்லோப் கம்பத்துக்கு முன்னாலுள்ள நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் இதைக் கவனிப்பதில்லை. அந்தச் சரிவுப் பாதை ஆன்டெனாவால் மட்டும் உருவாவதில்லை. ஆன்டெனாவிலிருந்து நேராக வரும் அலையும், முன்னால் உள்ள தரையில் பட்டு எழும் அலையும் வானில் சேர்ந்துதான் அந்த 3 பாகை உருவாகிறது. தரையும் கருவியின் ஓர் உறுப்பு. அதனால் அந்த நிலம் மட்டமாக இருக்க வேண்டும், புல் வளரக் கூடாது, மழைநீர் குளமாகத் தேங்கக் கூடாது. ஐப்பசி மழையில் புல் ஒரே வாரத்தில் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். அப்போது புல்வெட்டும் ஆட்களை அழைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி வாங்கி, விமானம் வராத இடைவெளியில் உள்ளே போக வேண்டும். டிராக்டர் தப்பான இடத்தில் நின்றாலே உள்ளே குடிலில் இருக்கும் கருவியின் அளவு அசையும். ஏ.சி. ஓடும் சின்ன அறை, இரண்டு டிரான்ஸ்மிட்டர் பெட்டிகள், பச்சை விளக்குகள், ஒரு குறிப்பேடு. அங்கே உட்கார்ந்து, வெளியே ஒரு வண்டி நகர்ந்ததற்கு உள்ளே எண் மாறுவதைப் பார்த்தால்தான் காற்றில் எவ்வளவு நுணுக்கமான ஒன்றைக் கட்டியிருக்கிறோம் என்று தெரியும்.

மூடுபனி நாளில் விமானங்கள் தாமதமாவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பார்வை குறைந்த நேரத்தில் ஐ.எல்.எஸ். ஆன்டெனாவுக்கு முன்னால் வேறு விமானமோ வண்டியோ நிற்கக் கூடாது. எனவே ஒன்று இறங்கி முழுதாக விலகிய பிறகுதான் அடுத்ததை விட முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களில் பலர் விடிகாலை விமானம் பிடிக்கப் பெங்களூருக்குத்தான் ஓடுகிறோம். மார்கழி, தை மாதங்களில் தேவனஹள்ளியில் பனி கவிந்து உட்கார்ந்திருந்த அனுபவம் பலருக்கு இருக்கும். ஐ.எல்.எஸ். முதல் வகையில் விமானி 200 அடி உயரத்துக்குள் ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், ஓடுபாதைப் பார்வை பொதுவாக 550 மீட்டராவது வேண்டும். பெங்களூரின் தெற்கு ஓடுபாதை மூன்றாம் வகை ‘பி’ தரத்துக்கு உயர்ந்ததால் 50 மீட்டர் பார்வையிலும் இறங்கலாம் என்று 2020 இறுதியில் அறிவித்தார்கள். அப்படியும் தாமதம் ஆகிறதே என்றால், கருவி மட்டும் போதாது. விமானமும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும், அதை ஓட்டும் இரு விமானிகளும் அதற்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால், சிக்னல் போகும் வழியில், மானிட்டர் என்னும் காவல் கருவி ஒன்று இருக்கிறது. விமானம் கேட்பதை அதுவும் கேட்கிறது. வி.ஓ.ஆரின் திசை 1 பாகைக்கு மேல் மாறினால் நிலையம் தன் சிக்னலை நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பெயரையும் திசைத் தகவலையும் நீக்கிவிட வேண்டும். டி.எம்.இ.யின் அந்த 50 மைக்ரோ நொடி, 1 மைக்ரோ நொடி பிசகினாலே நடவடிக்கை. அது 150 மீட்டர் தப்புக்குச் சமம். ஐ.எல்.எஸ்.ஸில் இன்னும் கடுமை. முதல் வகை லோக்கலைசர் தப்பான சிக்னலை 10 நொடிக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. மூன்றாம் வகையில் 2 நொடிதான் கெடு, அதற்குள் மாற்று டிரான்ஸ்மிட்டருக்கு மாற வேண்டும் அல்லது அணைய வேண்டும். காவல் கருவியே பழுதானாலும் அணைந்துவிட வேண்டும். இது உலகம் முழுமைக்குமான விதி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது.

இந்தக் காவலை ஒதுக்கிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2000 ஜூலையில் சமோவா நாட்டின் ஆபியாவில் நடந்தது சாட்சி. ஏர் நியூசிலாந்தின் போயிங் 767 ஒன்று இரவில் இறங்க வந்தது. அங்கே கிளைட் ஸ்லோப் கருவி பழுதுக்குப் பின் காவல் இணைப்பு இல்லாத நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளியிட்ட சிக்னலில் எந்த உயரத்தில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். விமானிகளின் முன்னால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. ஆனால் டி.எம்.இ. காட்டிய தூரமும் தாங்கள் இருக்கும் உயரமும் பொருந்தவில்லை, தரை விளக்குகள் மிக அருகில் தெரிந்தன. ஓடுபாதைக்குப் பல மைல் முன்னாலேயே சில நூறு அடி உயரத்துக்கு வந்துவிட்ட விமானத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே போனார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். இதிலிருந்து நான் இளைஞர்களுக்குச் சொல்வது இரண்டு. மானிட்டரை பைபாஸில் வைத்த கருவியை ஒருபோதும் பயன்பாட்டில் விடாதீர்கள். அப்புறம், 3 பாகைச் சரிவில் ஒரு மைலுக்கு 300 அடி என்ற அந்தச் சின்னக் கணக்குதான் அன்று காப்பாற்றியது. தூரமும் உயரமும் தனித்தனிக் கருவிகளிலிருந்து வந்ததால்தான் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க முடிந்தது.

காவல் கருவி தரையில் நின்று கேட்கிறது, சரி. வானத்தில் எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது? அதற்கு இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடம் தனிப் பறப்புச் சோதனைப் பிரிவு இருக்கிறது. அளவுக் கருவிகள் பொருத்திய சிறு விமானங்கள் ஊர் ஊராகப் போய், நிலையங்களைச் சுற்றியும் ஓடுபாதையை நோக்கி மீண்டும் மீண்டும் தாழ வந்தும் அளந்து பார்க்கும். ஒரு விமானம் இறங்காமலே திரும்பத் திரும்ப ஓடுபாதைமேல் தாழப் பறப்பதைப் பார்த்தால், பல சமயம் இந்தச் சோதனையாக இருக்கலாம்.

இப்போது ஜி.பி.எஸ். நான் அதற்கு எதிரி கிடையாது. இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு ஜி.பி.எஸ். சிக்னலின் பிழையைத் திருத்தி, அது நம்பத் தகுந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோ விமானம் ககனைக் கொண்டு இறங்கிக் காட்டியது. ஐ.எல்.எஸ். வைக்க வசதியில்லாத சிறு ஓடுபாதைகளுக்கு அது பெரிய வரம். மலைகளுக்கு நடுவே வளைந்து வர வேண்டிய இடங்களிலும் வி.ஓ.ஆரைவிட அது பல மடங்கு துல்லியம்.

ஆனால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரைக்கு வந்து சேரும்போது அதன் சிக்னல் ரேடியோவின் இரைச்சலைவிடவும் பலவீனம். சின்னக் கருவி ஒன்றால் அதை மூழ்கடிக்கலாம். அதைவிட மோசமானது, அதே போன்ற போலி சிக்னலை அனுப்பி விமானத்தை வேறோர் இடத்தில் இருப்பதாக நம்பவைப்பது. 2025 நவம்பரில் டெல்லியில் இது நடந்தது. 10-ஆம் எண் ஓடுபாதைக்கு ஜி.பி.எஸ். முறையில் இறங்க வந்த சில விமானங்கள் போலி சிக்னலைச் சந்தித்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொன்னது. தரைக் கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய இடங்களிலிருந்தும் இப்படிப் புகார்கள் வந்திருக்கின்றன. நமக்கு மிக அருகில் உள்ள இரண்டு பெரிய விமான நிலையங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இதனால்தான் எல்லாத் தரை நிலையங்களையும் வைத்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் எடுத்தும் விடாமல், ஜி.பி.எஸ். விழுந்தாலும் விமானங்கள் பத்திரமாக இறங்கப் போதுமான ஒரு குறைந்தபட்ச வலையைப் பல நாடுகள் வைத்திருக்கின்றன. இந்தியாவும் அப்படித்தான் செய்கிறது. இதில் நீண்ட நாள் நிற்கப்போவது டி.எம்.இ.யும் ஐ.எல்.எஸ்.ஸும் என்பது என் கணிப்பு. இன்றைய பெரிய விமானங்கள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டி.எம்.இ.க்களிடம் தூரம் கேட்டு, தானாகவே தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். விமானிக்குக் கூடத் தெரியாமல் பின்னால் இது நடந்துகொண்டிருக்கும்.

கடைசியாக உங்கள் சித்தப்பாவின் ஓசூர்க் கேள்வி. 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்பது திட்டம். எந்த இடம் என்றாலும், இந்த ரேடியோ கருவிகள் தமக்கென்று எடுக்கும் இடம் அதில் மிகச் சிறியது. லோக்கலைசரும் கிளைட் ஸ்லோப்பும் வளாகத்தின் உள்ளேயே வந்துவிடும். ஓடுபாதைக்கு வழிகாட்டும் விளக்கு வரிசைக்குத்தான் முனையிலிருந்து 900 மீட்டர் வரை நீளம் தேவைப்படும். வி.ஓ.ஆர். மேடை 30 மீட்டர் விட்டம் அளவில் இருக்கும், அதைச் சுற்றி வெட்டவெளி வேண்டும்.

நிலம் எடுப்பதைவிட, எடுக்காத நிலத்தில் என்ன கட்டலாம் என்பதுதான் அக்கம்பக்கத்தாருக்கு அதிகம் படும் விஷயம். 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள்படி, விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை, வரைபடத்தில் நிறம் காட்டிய மண்டலத்துக்கேற்ப, கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் உயர வரம்பு உண்டு. அதைத் தாண்ட வேண்டுமென்றால் ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். வி.ஓ.ஆருக்கு அருகில் உயர் அழுத்த மின்கம்பிகளும் பெரிய தகரக் கொட்டகைகளும் தொந்தரவு. ஓசூர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் தொழிற்சாலைக் கூரைகள்தான் என்பதால், நிலையம் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அந்த இடத்தைக் காப்பாற்றி வைப்பது நல்லது. பிறகு சுற்றிலும் கட்டிவிட்டு இடம் தேடினால் வம்பு. ஓசூர் சுமார் 880 மீட்டர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவில் கீழே. மேட்டு நிலத்தின் விளிம்பு மறைப்பதால், ராயக்கோட்டைக்கு அப்பால் பள்ளத்தில் தாழப் பறக்கும் விமானத்துக்கு ஓசூர் நிலையத்தின் சிக்னல் எட்டாமல் போகலாம். இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதையெல்லாம் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

தம்பி, உங்கள் படிப்புக்கு நேராகப் பொருந்தும் வேலை இது. விமான நிலையங்கள் ஆணையம் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் ஜூனியர் எக்சிகியூட்டிவ் பணிக்கு கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கிறது. தேர்வானவர்களுக்கான பயிற்சிக் கல்லூரி பிரயாக்ராஜில் இருக்கிறது. அதற்கு முன், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு வி.ஓ.ஆர். சிக்னலைக் கணினியில் நீங்களே உருவாக்கிப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் ஏ.எம். ஒன்று, 9,960 ஹெர்ட்ஸ் துணை அலையில் ஏற்றிய 30 ஹெர்ட்ஸ் எஃப்.எம். ஒன்று. இரண்டையும் பிரித்தெடுத்து இடையிலுள்ள பிந்தலை அளக்கும் நிரலை எழுதுங்கள். முதல் முயற்சியில் வடிகட்டியே சொந்தமாகக் கொஞ்சம் பிந்தலைச் சேர்த்து விடையைச் சில பாகை தள்ளிவிடும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது.